வெல்லமும் மிளகாயும் பூசிய கோழி இறக்கை: ஓவனில் முதல்முறையாகச் சுடுபவர்களுக்கு

காட்பாடிப் பக்கம் கல்லூரி மாணவர்கள் கூடும் உணவகங்களில், இனிப்பும் காரமுமாகப் பளபளக்கும் கோழி இறக்கைத் தட்டு இப்போது அன்றாடப் பண்டமாகிவிட்டது. அதை வீட்டில் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒன்று, தோல் மொறுமொறுப்பாகாமல் சவசவவென்று இருந்துவிடுகிறது; மற்றொன்று, மேலே பூசிய இனிப்பு கருகிக் கசந்துவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வேலைகளின் வரிசை தவறுவது. கோழி என்றாலே நம் கை முதலில் தயிருக்கும் இஞ்சி பூண்டு விழுதுக்கும் போய்விடுகிறது. வாணலியில் கொதிக்கும் எண்ணெய் அந்த ஈரத்தைச் சில நிமிடங்களில் விரட்டிவிடும் என்பதால் பகோடாவுக்கும் கபாபுக்கும் அந்தப் பழக்கம் பொருந்துகிறது. ஓவனுக்குள் இருப்பதோ வெறும் சூடான காற்று. அது ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். ஈரம் தீரும்வரை இறக்கை வேகுமே தவிரச் சிவக்காது. ஆகவே இறக்கையை முதலில் உலர்த்த வேண்டும், உலர்ந்ததைச் சுட வேண்டும், சுட்டு முடித்த பிறகே காரமும் இனிப்பும் அதன்மேல் ஏற வேண்டும். இந்த வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. மற்ற அளவுகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இறக்கையைத் தனிப் பண்டமாக்கிய பெயர் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்கு உரியது. 1964-இல் அங்குள்ள ஆங்கர் பார் என்னும் விடுதியில் தெரசா பெலிசிமோ என்பவர் இறக்கைகளை எண்ணெயில் பொரித்து, மிளகாய்ச் சாறும் வெண்ணெயும் கலந்த குழம்பில் புரட்டிக் கொடுத்ததிலிருந்து அது தொடங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தப் பண்டத்தில் இனிப்பு இல்லை, ஓவனும் இல்லை. இங்கே சொல்லப்போவது, வெண்ணெயை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, ஆம்பூர் பிரியாணிக்கு அரைப்பது போன்ற காய்ந்த மிளகாய் விழுதையும் நம் வட்டாரத்து வெல்லத்தையும் கொண்டு செய்யும் முறை.

கடையில் கேட்க வேண்டியது

நம் ஊர்க் கறிக்கடைகளில் பிராய்லர் கோழியைத் தோல் உரித்துக் கொடுப்பதே வழக்கம். உரிக்கும் வேகத்தில் இறக்கையின் நுனியும் சில சமயம் நடுத்துண்டும் தோலோடு சேர்ந்து கழிவுக்கூடைக்குப் போய்விடும். இந்தப் பண்டத்துக்கோ தோல்தான் உயிர். தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு உருகி வடிய, மிஞ்சும் தோல் சுருங்கி இறுகுவதால்தான் மொறுமொறுப்பு வருகிறது. எனவே கடைக்காரர் கத்தியை எடுப்பதற்கு முன்பே, "பாய், ஒரு கிலோ இறக்கை மட்டும் வேணும், தோலை உரிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட வேண்டும். "தோலோடவா சார்? அப்ப முடி இருக்கும், பாத்துக்கோங்க" என்று அவர் பதில் சொன்னால் அதைப் பொருட்படுத்துங்கள். இறக்கையின் ஓரத்தில், குறிப்பாக நடுத்துண்டின் விளிம்பில், இறகின் அடிக்குருத்துகள் கறுப்பாகவோ வெண்மையாகவோ தோலுக்குள் புதைந்திருக்கும். கடையில் தீயில் வாட்டிக் கொடுத்தால் மெல்லிய மயிர் போகும், குருத்துகள் போகா. அவற்றை வீட்டில் வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தாலோ சிறு இடுக்கியாலோ ஒவ்வொன்றாகப் பிடுங்கத்தான் வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்க முடியாது.

ஒரு கிலோ இறக்கை என்பது சிறிய கேட்பு அன்று. உயிர் எடை இரண்டு கிலோ உள்ள ஒரு கோழியின் இறக்கை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 முதல் 80 கிராம்தான் தேறும். அப்படியானால் ஒரு கிலோவுக்குப் பதின்மூன்று பதினான்கு இறக்கைகள், அதாவது ஏழு கோழிகள் வேண்டும். வார நாளில் மாலை நேரத்தில் போய் நின்றால் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோழி நிறைய வெட்டுப்படும் என்றாலும் அந்தக் கூட்டத்தில் தனியாக எடுத்துவைக்க அவருக்கு நேரம் இருக்காது. சனிக்கிழமை மாலையே சொல்லிவைப்பது நல்லது. நாட்டுக்கோழி இறக்கை இதற்கு வேண்டாம். அதன் தோலில் கொழுப்பு குறைவு, தசை முறுக்கு அதிகம். முக்கால் மணி நேரச் சூட்டில் அது மெல்ல முடியாமல் நின்றுவிடும். அதைக் குழம்புக்கு விட்டுவிடலாம்.

முழு இறக்கையை விரித்துப் பிடித்தால் இரண்டு மூட்டுகள் தெரியும். மூட்டின் மேல் விரலை அழுத்தினால் இரண்டு எலும்புக்கும் இடையில் ஒரு பள்ளம் தட்டுப்படும். கத்தியை அங்கே வைத்து அழுத்தினால் எலும்பைத் தொடாமலே வெட்டிவிடலாம். எலும்பின் மேலேயே வெட்டினால் சில்லுகள் தெறித்துப் பல்லில் மாட்டும். நுனித்துண்டில் கறி கிடையாது, ஓவனில் முதலில் கருகுவதும் அதுதான். அதைச் சூப்புக்கு எடுத்துவைத்துவிட்டு, மற்ற இரண்டு துண்டுகளை மட்டும் பயன்படுத்துங்கள்.

உலர்த்துதல்

மஞ்சள் தூள் போட்டு நாலைந்து தண்ணீரில் அலசாமல் நம் வீடுகளில் கோழி அடுப்பேறுவதில்லை. பச்சைக் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் துளிகளில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் தொட்டி, பாத்திரம், பக்கத்திலிருக்கும் காய்கறி எல்லாவற்றிலும் பரவும் என்பதால், கழுவ வேண்டாம் என்றே உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்கிறார்கள். முழுச் சூட்டில் வேகும்போது கிருமிகள் எப்படியும் அழிந்துவிடும். கழுவித்தான் ஆக வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால், குழாயைத் திறந்து அதன் அடியில் பிடிக்காமல், அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிறகு தொட்டியையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கழுவினாலும் கழுவாவிட்டாலும் அடுத்த வேலை துடைப்பதுதான். காகிதத் துண்டால் ஒவ்வொரு துண்டையும், மடிப்புகளுக்குள்ளும், ஈரம் ஒட்டாத வரை ஒற்றி எடுங்கள். ஒரு கிலோ இறக்கைக்கு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் ஆகியவற்றை உலர்வாகக் கலந்து, துண்டுகளின் மேல் தூவி, கையால் நன்றாகப் பிசறுங்கள். எண்ணெய் வேண்டாம். எலுமிச்சை, தயிர், புளி எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டவே வேண்டாம். பேக்கிங் பவுடர் தோலின் மேற்பரப்பைச் சற்றே காரத்தன்மை (மிளகாய்க் காரம் அன்று, புளிப்புக்கு எதிரான தன்மை) உடையதாக்குவதால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கும் வேலை விரைவாக நடக்கிறது; அதிலிருந்து எழும் நுண்ணிய வாயுக் குமிழிகள் தோலின் மேல் சிறுசிறு கொப்புளங்களை உண்டாக்குகின்றன. புளிப்பு எதைச் சேர்த்தாலும் அந்தக் காரத்தன்மை அப்போதே முறிந்துவிடும்.

மளிகைக் கடையில் பேக்கிங் பவுடர் என்று கேட்டாலும் சில சமயம் ஆப்பசோடாவை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆப்பசோடா தனிச் சோடா உப்பு. பேக்கிங் பவுடரில் அதனோடு ஓர் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். இங்கே சொன்ன அளவில் ஆப்பசோடாவைப் போட்டால் கறி சோப்பைக் கடித்ததுபோல் இருக்கும், எந்தப் பூச்சாலும் அதை மறைக்க முடியாது. டப்பா பழையது என்று ஐயம் இருந்தால் அரைத் தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது நல்ல நிலையில் இருக்கிறது.

பிசறிய துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் கம்பி வலைத்தட்டில் பரப்பி, அடியில் ஒரு தட்டு வைத்து, மூடாமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். கீழ்த்தட்டு என்பதற்குக் காரணம், சொட்டும் நீர் வேறு உணவின் மேல் விழக் கூடாது. காலையில் தொட்டுப் பார்த்தால் தோல் சுருங்கி, கொஞ்சம் கண்ணாடிபோலத் தெளிந்து, கையில் ஒட்டாமல் இருக்கும். நேரம் இல்லாதவர்கள் நான்கு மணி நேரமாவது வையுங்கள். வெளியில் மின்விசிறிக்கு அடியில் வைத்து உலர்த்தலாமே என்று தோன்றும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அது ஆபத்து. 32 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கவே கூடாது.

பூச்சு

இறக்கை உலர்ந்துகொண்டிருக்கும்போதே பூச்சைச் செய்து வைத்துவிடலாம். இந்தப் பண்டத்தின் சுவை முழுவதும் இதில்தான் இருப்பதால் இங்கே அவசரப்படக் கூடாது.

ஆம்பூர், வாணியம்பாடிப் பிரியாணியில் மிளகாய்த்தூளைவிட, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதுக்கே இடம். அந்த விழுதில் காரம் மட்டுமல்லாமல் மிளகாயின் சதையும் இருக்கிறது. அதனால்தான் அது பூச்சுக்குக் கெட்டித்தன்மையும் நிறமும் தருகிறது. தூளைப் போட்டால் சர்க்கரைப் பாகில் மணல் மிதப்பதுபோலத் தனித்து நிற்கும். எட்டுக் காஷ்மீரி மிளகாய் நிறத்துக்கு, நான்கு நீட்டு மிளகாய் காரத்துக்கு என்பது நடுத்தரமான கணக்கு. காரம் நன்றாகத் தாங்குகிற வீட்டில் நீட்டு மிளகாயை ஆறாக்கலாம். குழந்தைகள் சாப்பிடுவதானால் இரண்டு போதும். காம்பைக் கிள்ளி, விதையை உதறிவிட்டு, கொதிக்கும் நீர் ஊற்றி அரை மணி நேரம் மூடி வையுங்கள். தோல் மெத்தென்று ஆனதும் பத்துப் பல் பூண்டு சேர்த்து, ஊறிய நீரையே தெளித்து மைய அரையுங்கள். தோல் திப்பிகள் தெரிந்தால் வடிகட்டியில் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

இனிப்புக்கு நூறு கிராம் வெல்லம். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, குடியாத்தம் ஊர்களின் பக்கம் கரும்பு விளையும் வட்டாரம் இது. பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தால் அதுவே போதும். வெளுத்த மஞ்சள் நிற வெல்லத்தைவிடக் கொஞ்சம் கறுத்த வெல்லத்தில் மணம் அதிகம். வெளுப்பு பல சமயம் வேதிப்பொருளால் வந்தது. எதுவானாலும் கால் டம்ளர் நீரில் கரைத்து வடிகட்டாமல் சேர்க்காதீர்கள், அடியில் மண் நிற்கும். நெல்லிக்காய் அளவுப் புளியைக் கால் டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கும் காரத்துக்கும் இடையில் இந்தப் புளிப்பு இல்லாவிட்டால் மூன்றாவது துண்டிலேயே திகட்டிவிடும்.

அடி கனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயையும் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயையும் சூடாக்கி, மிளகாய் விழுதைச் சேர்த்து, குறைந்த தீயில் கிளறுங்கள். முதலில் அது பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு பொத்பொத்தென்று தெறிக்கும். மூக்கைக் குத்தும் பச்சை நெடி வரும். ஐந்தாறு நிமிடங்களில் தெறிப்பு அடங்கும், நெடி மாறி வறுத்த பூண்டின் மணம் எழும், விழுதின் ஓரங்களில் செந்நிற எண்ணெய் கசிந்து நிற்கும். அதன் பிறகுதான் புளிக்கரைசலை ஊற்ற வேண்டும். அது கொதித்துப் பச்சை வாசம் போனதும் வெல்லக்கரைசலையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் சேர்த்து, மிதமான தீயில் எட்டுப் பத்து நிமிடங்கள் சுண்டவிடுங்கள்.

எப்போது இறக்குவது என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். நமக்குத் தெரிந்த பாகுப் பதங்களில் இதற்கு வேண்டியது பிசுக்குப் பதம்: இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்துப் பார்த்தால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. கரண்டியின் முதுகில் எடுத்து விரலால் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்பது மற்றோர் அடையாளம். ஒற்றைக் கம்பிப் பதம் வரை விட்டுவிட்டால், ஓவன் சூட்டில் அது மேலும் இறுகி, ஆறியதும் மிட்டாய்போல் பல்லில் ஒட்டும். சூடாக இருக்கும்போது பூச்சு கொஞ்சம் நீர்த்ததாகவே தெரியும், ஆறினால் கெட்டியாகிவிடும்.

ஓவன்

வீட்டில் மேசைமேல் வைக்கும் சிறு மின் ஓவனான ஓடிஜி பெரும்பாலும் 1,500 வாட்டும் அதற்கு மேலும் இழுக்கும். அதை 16 ஆம்பியர் பிளக்கில்தான் சொருக வேண்டும், சாதாரண நீட்டிப்பு வயரில் சொருகக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது என்பதால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளாக இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்வது வீண் வேலை அல்ல.

சூடேற்றும் மேல்கம்பி, கீழ்க்கம்பி இரண்டையும் இயக்கி, 220 டிகிரியில் பதினைந்து நிமிடங்கள் முன்சூடாக்குங்கள். ஓடிஜியின் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பத்து இருபது டிகிரி வேறுபடுவது உண்டு. ஆகவே கீழே சொல்லும் நிமிடங்களைவிடக் கண்ணை நம்புங்கள். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள், அதன் உச்சச் சூடு 200 டிகிரியானால் அதிலேயே வைத்து நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டுங்கள். கம்பித்தட்டைக் கன்வெக்‌ஷன் முறையில் மட்டுமே, அதுவும் அந்தப் பெட்டியோடு வந்த தட்டாக இருந்தால் மட்டுமே வையுங்கள்.

துண்டுகளைத் தோலின் தடித்த பக்கம் மேலே இருக்கும்படி கம்பித்தட்டில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வேகும். இருபத்தைந்து முப்பது லிட்டர் ஓடிஜியில் ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் இடம் இருக்காது, ஒரு கிலோவை இரண்டு தடவையாகத்தான் சுட வேண்டும். கம்பித்தட்டுக்குக் கீழே, அலுமினியத் தாள் விரித்த தட்டை வடியும் கொழுப்புக்காக வையுங்கள். கீழ்க்கம்பியின் மேல் நேராகத் தாளை விரிப்பது கூடாது. சூடு தடைபட்டுப் பெட்டியே கெடும்.

இருபத்தைந்து நிமிடங்கள் ஆனதும் துண்டுகளைத் திருப்பிப் போட்டு, மேலும் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் சுடுங்கள். இடையில் கொழுப்பு சடசடக்கும், கொஞ்சம் புகையும். சன்னலைத் திறந்து வையுங்கள், கதவை மட்டும் அடிக்கடி திறக்காதீர்கள். வெந்து முடிந்த துண்டு தட்டையான பொன்னிறமாக இல்லாமல், மேடு பள்ளமாக, சிறு கொப்புளங்களோடு இருக்கும். இடுக்கியால் தட்டினால் உலர்ந்த ஓசை வரும். வெப்பமானி இருந்தால் எலும்பைத் தொடாமல் குத்திப் பாருங்கள். 74 டிகிரி பாதுகாப்பின் எல்லை. இறக்கையில் இணைப்புத் திசு அதிகம் என்பதால் 85 வரை போனால்தான் கறி எலும்பைவிட்டு எளிதில் கழலும். வெப்பமானி இல்லையென்றால் தடித்த இடத்தில் குத்தி, வடியும் சாறு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சை என்று பதற வேண்டாம். இளங்கோழியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து நிறம் கசிவது இயல்பு. சாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது துண்டுகளை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, இளஞ்சூடாக உள்ள பூச்சில் மூன்றில் இரண்டு பங்கை ஊற்றிக் குலுக்கிப் புரட்டுங்கள். இரண்டு தடவையாகச் சுடுபவர்கள் பூச்சையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தட்டில் புதுத் தாளை விரித்து, துண்டுகளை மீண்டும் கம்பித்தட்டில் பரப்பி, 200 டிகிரியில் ஐந்து நிமிடம் வையுங்கள். பிறகு எடுத்து மீதிப் பூச்சைத் தடவி, இன்னும் இரண்டு மூன்று நிமிடம். இந்த நேரத்தில் ஓவனைவிட்டு நகராதீர்கள். பூச்சு ஓரங்களில் நுரைத்துக் குமிழியிட்டு, அங்கங்கே கறுத்த புள்ளிகள் தோன்றும். அந்தப் புள்ளிகள் சேர்ந்து கோடாகத் தொடங்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். சாதாரணச் சர்க்கரை 160 டிகிரியை ஒட்டித்தான் சிவந்து நிறம் மாறத் தொடங்கும். தேனில் மிகுதியாக உள்ள பழச்சர்க்கரைக்கு 110 டிகிரியே போதும். ஆகவே வெல்லத்துக்குப் பதிலாகத் தேன் சேர்ப்பவர்கள் அதைச் சுண்டக் காய்ச்சாமல், பூச்சை இறக்கிய பிறகு கலந்து, கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும் ஓவனில் காட்டுங்கள்.

எடுத்தவுடன் பரிமாறாமல் ஐந்து நிமிடம் கம்பித்தட்டிலேயே விடுங்கள். பூச்சு தோலோடு பிடித்துக்கொள்ளும், நாக்கும் வேகாது. வறுத்த எள்ளைத் தூவலாம், வேண்டாம் என்றாலும் குறை இல்லை. வட்டமாக நறுக்கிய வெங்காயமும் பிரியாணிக்கு வைக்கும் தயிர்ப் பச்சடியும் துணைக்குப் போதும். தக்காளி சாஸ் இதற்கு ஒட்டாது, அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது.

விருந்தினர் வரும் நாளில் செய்வதானால், முதல் சுடுதலை மாலையிலேயே முடித்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, அவர்கள் வந்தபின் 220 டிகிரியில் பத்து நிமிடம் சூடேற்றிப் பூச்சை ஏற்றலாம். பச்சைக் கறி தொடாத பூச்சு, மூடிய கண்ணாடிக் குப்பியில் குளிர்பெட்டிக்குள் வைத்தால் ஒரு வாரம் வரை கெடாது. பூசிய பிறகு மீந்த இறக்கைகளை மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் தோல் துவண்டுவிடும், ஓடிஜியில் 180 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்து எடுங்கள்.